தக்டி சாலிலிருந்து சட்டமன்றத்துக்கு: அருண் கவ்லிக்கு வாக்களித்தவர்கள் யார்?

ஆலைமணி எழுதியது:

மும்பை நிழலுலகத்தைப் பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் அது ஹாஜி மஸ்தானில் தொடங்கி, வரதராஜ முதலியாரைத் தொட்டு, தாவூத் இப்ராஹிமில் போய் நின்றுவிடுகிறது. 2004 அக்டோபரில் சிஞ்ச்போக்லி தொகுதி மக்கள் வாக்களித்து மகாராஷ்டிரச் சட்டமன்றத்துக்கு அனுப்பி வைத்த அருண் கவ்லியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மற்ற தாதாக்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், ஆள் கொடுத்தார்கள், மேடைக்குப் பின்னால் நின்றார்கள். கவ்லி தாமே கட்சி நடத்தி, தம் முகத்தைக் காட்டி வாக்குக் கேட்டு, வென்று, உறுப்பினராக உறுதிமொழி எடுத்துக்கொண்டார். இது எப்படி நடந்தது என்பதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எனக்குத் தெரிந்தவரை, இந்தக் கதையை கவ்லியிடமிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். கிரண்காவ் என்று மராத்தியர் அழைக்கும் ஆலைப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். பரேல், லால்பாக், சிஞ்ச்போக்லி, பைகுல்லா, வொர்லி என்று நீளும் அந்தப் பகுதியில் பஞ்சாலைகளின் சங்கொலிதான் மூன்று தலைமுறைகளுக்குக் கடிகாரமாக இருந்தது. 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடிந்ததாக இன்றுவரை யாரும் அறிவிக்கவில்லை. பல ஆலைகள் மீண்டும் திறக்கப்படவேயில்லை, திறந்தவற்றிலும் பழைய ஆட்கள் பலருக்கு இடம் கிடைக்கவில்லை. அப்பா வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருக்க, பத்தாம் வகுப்பைத் தாண்டாத மகன் தெருமுனையில் நிற்கும் நிலை ஒவ்வொரு குடியிருப்பிலும் வந்தது. கவ்லியின் கும்பலுக்கு ஆட்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். பின்னாளில் அவருக்கு விழுந்த வாக்குகளும் அந்த வீடுகளிலிருந்து வந்தவைதான் என்று நான் கருதுகிறேன்.

ஒரு செய்தியைக் கவனியுங்கள். 1984 மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தி படுகொலைக்குப் பின் எழுந்த அனுதாப அலையையும் மீறி, மும்பை தென்மத்தியத் தொகுதி சுயேச்சையாக நின்ற தத்தா சாமந்தைத் தேர்ந்தெடுத்தது. சிஞ்ச்போக்லி அந்தத் தொகுதிக்குள் அடங்கிய சட்டமன்றத் தொகுதி. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து அதே மண் கவ்லியைத் தேர்ந்தெடுத்தது. தொழிற்சங்கத் தலைவரைத் தங்கள் பிரதிநிதியாகக் கண்ட மக்கள் தாதாவையும் அப்படிக் காணும் இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. சாமந்த் 1997 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

செந்நெல் எழுதியது:

ஆலைமணி ஐயாவின் வரலாற்றுப் பார்வையை மதிக்கிறேன். ஆனால் ஆலை மூடியதால் கும்பல் உருவானது என்ற முடிவுக்கு அவசரப்பட்டுப் போகக் கூடாது. பாபு ரேஷிம், ராமா நாயக், அருண் கவ்லி ஆகிய மூவரின் பெயரால் அறியப்பட்ட பைகுல்லாக் கும்பல், வேலைநிறுத்தத்தின் விளைவுகள் முழுமையாகத் தெரிவதற்கு முன்பே மட்காச் சூதாட்டத்திலும் மாமூல் வசூலிலும் காலூன்றிவிட்டது. ரேஷிம் 1987-இல் காவல் நிலைய லாக்கப்பிலேயே கொல்லப்பட்டார். நாயக் 1988-இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதற்குப் பிறகுதான் தலைமை கவ்லியின் கைக்கு வந்தது. நாயக்கின் சாவுக்குப் பின்னால் தாவூத்தின் கை இருக்கிறது என்று கவ்லி தரப்பு நம்பியதும், அதிலிருந்து மூண்ட பகையும் எவ்வளவு உயிர்களைக் குடித்தன என்பது எல்லாருக்கும் தெரியும். 1992 ஜூலையில் தாவூத்தின் தங்கை கணவர் இப்ராஹிம் பார்க்கர் கொல்லப்பட்டார். அதற்குப் பழிவாங்க, செப்டம்பர் 12 அன்று ஜே. ஜே. மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டபோது சிகிச்சையில் இருந்த கவ்லியின் ஆளோடு காவலுக்கு நின்ற இரண்டு காவலர்களும் மாண்டார்கள். இரண்டு கும்பல்களின் கணக்குத் தீர்ப்பில் சம்பளத்துக்கு வேலை பார்த்த காவலர்களும் சேர்ந்தே செத்தார்கள். இதையெல்லாம் பஞ்சாலை வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருக்கிவிட முடியாது.

இன்னொன்று. அந்தப் பகுதியில் வாக்கும் வன்முறையும் கவ்லிக்கு வெகுகாலம் முன்பே கைகோத்துக்கொண்டவை. 1970 ஜூன் மாதம் பரேல் தொகுதியின் கம்யூனிஸ்ட் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் வெட்டிக் கொல்லப்பட்டார். அதையடுத்து வந்த இடைத்தேர்தலில் அவருடைய மனைவியைத் தோற்கடித்து, சிவசேனையின் வாமன்ராவ் மகாடிக் வென்றார். அதுவே அந்தக் கட்சிக்குக் கிடைத்த முதல் சட்டமன்ற இடம். செங்கொடி பறந்த தெருக்களில் கொடி மாறியது 1982-க்குப் பின்னால் நடந்ததல்ல. ஆகவே கவ்லிக்கு விழுந்த வாக்குகளில் அச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதைக் கேட்காமல் ‘மக்கள் தேர்ந்தெடுத்தார்கள்’ என்று மட்டும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாட்டுங்காவாசி எழுதியது:

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். ஆலைப் பகுதிச் சால்களில் எனக்குப் பள்ளித் தோழர்கள் இருந்தார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்குச் சால் என்றால் என்னவென்று கண்முன் வருமோ தெரியவில்லை, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பத்துக்குப் பத்தடி அறை ஒன்று; அதற்கு முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவான நீண்ட நடை; நடையின் கோடியில் அந்த மாடி முழுவதற்கும் பொதுவான கழிப்பறைகள். ஆலை ஓடிய காலத்தில் ஒரே அறையில் பகல் ஷிப்டுக்காரர் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரர் வந்து படுப்பார். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் குடங்கள் வரிசை கட்டும். யார் குடம் முன்னால் நகர்ந்தது என்பதில் தொடங்கும் சண்டை சில நேரம் மண்டை உடைவதில் முடியும். இப்படிப்பட்ட இடத்தில் வாடகைத் தகராறு, பாகப் பிரிவினைத் தகராறு, பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வந்த தகராறு என்று எதற்கும் நீதிமன்றத்துக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும். கவ்லி குடியிருந்த தக்டி சாலுக்குப் போனால் அன்று மாலையே ஒரு முடிவு தெரியும். அது நியாயமான முடிவா என்பது வேறு விஷயம். மறுத்துப் பேச யாருக்கும் துணிவிருக்காது என்பது இன்னொரு விஷயம். ஆனால் முடிவு வந்துவிடும். நம் ஊரில் கட்டப் பஞ்சாயத்து என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் இது.

வெள்ளைக் குர்தா, பைஜாமா, தலையில் காந்திக் குல்லாய். சுவரொட்டிகளில் கவ்லி அந்தக் கோலத்தில்தான் தெரிவார். பகுதி மக்கள் அவரை ‘டாடி’ என்று அழைத்தார்கள். நவராத்திரிக்கு அந்தச் சாலில் அம்மனை எழுந்தருளச் செய்து நடத்தும் விழாவுக்குக் கூட்டம் அலைமோதும். கடன் வாங்கிக் கல்யாணம் நடத்தும் வீட்டுக்கு அங்கிருந்து உதவி போனதாகச் சொல்பவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அந்தப் பணம் எந்த வணிகரின் கழுத்தை நெரித்து வந்தது என்று கேட்டால் அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

செந்நெல் சொல்லும் அச்சம் உண்மைதான். ஆனால் அச்சத்தால் மட்டும் தேர்தலில் வெல்ல முடியும் என்றால், ஹாஜி மஸ்தான் ஏன் தோற்றார் என்பதை விளக்க வேண்டியிருக்கும். இராமநாதபுரத்துப் பனைக்குளத்தில் பிறந்து பம்பாய்த் துறைமுகத்தில் சுமைதூக்கி, கடத்தலில் பெரும் செல்வம் சேர்த்த மஸ்தான், நெருக்கடி நிலைக் காலத்தில் சிறை சென்று திரும்பிய பின் கடத்தலைக் கைவிட்டார். 1980-களின் நடுவில் தலித்துகளையும் இஸ்லாமியரையும் இணைத்து ஒரு கட்சியும் தொடங்கினார். பணம் இருந்தது, பெயர் இருந்தது, திரைப்பட நட்சத்திரங்களின் நட்பும் இருந்தது. ஆனால் வாக்கு விழவில்லை. அவருடைய செல்வாக்கு நகரம் முழுவதும் மெல்லிய படலமாகப் பரவியிருந்ததே தவிர, ஒரு தொகுதிக்குள் வேர்பிடித்து நிற்கவில்லை. வரதராஜ முதலியாருக்கு தாராவியிலும் மாட்டுங்காவிலும் அந்த வேர் இருந்தது; எங்கள் பகுதி கணேசர் விழாவில் அவர் போட்ட பந்தலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். ஆனால் அவர் வாக்குக் கேட்டு நிற்கவில்லை. காவல்துறையின் நெருக்கடி தாங்காமல் சென்னைக்கு வந்து, 1988-இல் அங்கேயே காலமானார். தவிர, தமிழர் என்ற அடையாளம் மண்ணின் மைந்தர் முழக்கம் ஓங்கிய நகரத்தில் ஓர் எல்லைக்கு மேல் உயர விடாது. கவ்லிக்கு மராத்தி மொழியும், ஆலைப் பகுதிப் பின்னணியும், ஒரே தொகுதிக்குள் செறிந்த ஆட்களும் ஒருசேர வாய்த்தன.

ஆலைமணி எழுதியது:

மாட்டுங்காவாசி கடைசியாகச் சொன்னதை இன்னும் சற்றுத் தள்ளிக்கொண்டு போகலாம். 1993 மார்ச் 12 தொடர் குண்டுவெடிப்பில் 257 பேர் மாண்ட பிறகு, மும்பையின் கும்பல்களும் மத அடிப்படையில் பார்க்கப்பட்டன. தாவூத் நாட்டின் பகைவன் ஆனான். அவனை எதிர்த்து நின்றவன் என்ற ஒரே தகுதி கவ்லிக்கு ஒரு புதிய மரியாதையைக் கொடுத்தது. அவர்களுக்கு தாவூத் என்றால் நமக்கு கவ்லி என்ற பொருளில் சிவசேனைத் தலைவர் பால் தாக்கரேயே மேடையில் பேசினார். ஒரு கொலைக் கும்பலின் தலைவருக்கு அப்படி ஒரு நற்சான்று மேடையிலிருந்து கிடைத்த நாளில்தான் அவருடைய அரசியல் வாழ்க்கை தொடங்கியது என்பேன். தேர்தல் ஆணையத்தில் கட்சியைப் பதிவு செய்தது அதற்குப் பிந்திய சடங்கு.

பிறகு சிவசேனையோடு கவ்லியின் உறவு முறிந்தது. சிவசேனை-பாரதிய ஜனதா கூட்டணி 1995-இல் ஆட்சிக்கு வந்தபோது கவ்லி அவர்களுடைய ஆளாக இருக்கவில்லை. சிவசேனைக்குப் போட்டியாக, அதே மராத்தி வாக்குகளைக் குறிவைத்து அகில பாரதிய சேனாவைத் தொடங்கினார். அந்த ஆண்டுகளில் மும்பைக் காவல்துறையின் என்கவுன்டர்களில் கும்பல்காரர்கள் வரிசையாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. கட்சித் தலைவர் என்ற பெயரும், பின்னர் சட்டமன்ற உறுப்பினர் என்ற பதவியும் ஓர் உயிர்க்காப்பீடாகவும் அவருக்குப் பயன்பட்டிருக்கும் என்பது என் ஊகம். பகுதி மக்களுக்குத் தொண்டாற்றும் ஆசை அதில் எத்தனை பங்கு என்பதை அளக்க நமக்குக் கருவி இல்லை.

ஆலை நிலங்களின் கதையையும் இங்கே சேர்க்க வேண்டும். 1991-இல் வகுத்த விதிப்படி, ஆலை நிலத்தை விற்றால் மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கும், ஒரு பங்கு பொதுமக்கள் வீட்டுவசதிக்கும், எஞ்சிய பங்கு உரிமையாளருக்கும் போக வேண்டும். 2001-இல் அந்தக் கணக்கைக் கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். உச்ச நீதிமன்றமும் 2006-இல் அதை ஏற்றது. தொழிலாளிக்கு வர வேண்டிய நிலம் கண்ணெதிரே அடுக்குமாடியாகவும் பேரங்காடியாகவும் எழுந்த அதே ஆண்டுகளில்தான் சிஞ்ச்போக்லி கவ்லிக்கு வாக்களித்தது. ஆண்ட கட்சிகள், எதிர்க்கட்சிகள் எவையும் தங்களுக்காக நிற்கவில்லை என்று அந்த மக்கள் நினைத்ததில் தவறே இல்லை. அவர்கள் தேர்ந்தெடுத்த மாற்று தவறானது என்பதையும் அதே மூச்சில் சொல்கிறேன்.

சட்டப்பிரிவு எழுதியது:

சட்டக் கோணத்தில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த வழக்கில் தேதிகளே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன.

வேட்பாளர் தம் மீதுள்ள குற்ற வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் தீர்ப்பளித்து, 2003-இல் அதை உறுதி செய்தது. ஆகவே 2004-இல் கவ்லி நின்றபோது அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அறியாமல் வாக்களித்தார்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்திரம் இல்லாவிட்டாலும் அந்தத் தொகுதியில் அவரைத் தெரியாதவர் யார்? தகவலை வெளியிட்டால் போதும், வாக்காளர் மற்றதைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை நாடெங்கும் பொய்த்துத்தான் போனது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் பிரமாணப் பத்திரங்களிலிருந்து தொகுத்த கணக்கின்படி, மக்களவையில் குற்ற வழக்கு உள்ளவர்கள் 2009-இல் 162 பேர், 2014-இல் 185 பேர், 2019-இல் 233 பேர், 2024-இல் 251 பேர். இவற்றில் போராட்ட வழக்குகளும் பொய் வழக்குகளும் கலந்திருக்கும். ஆனால் கொலை, கொலை முயற்சி, கடத்தல் போன்ற கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளவர்கள் மட்டுமே 2024-இல் 170 பேர்.

அடுத்தது தகுதிநீக்கம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவு, இரண்டாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவரைத் தகுதிநீக்கம் செய்கிறது. வழக்கு எத்தனை இருந்தாலும் தீர்ப்பு வராதவரை அந்தப் பிரிவு அசையாது. தடாவிலும் தடுப்புக் காவலிலும் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்த கவ்லி, அந்தக் காவலால் தகுதி இழக்கவில்லை. சிறையில் இருப்பவருக்கு 62(5) பிரிவின்படி வாக்களிக்க உரிமை இல்லை, ஆனால் வேட்பாளராக நிற்கலாம் என்ற விசித்திரமான ஏற்பாடும் நம் நாட்டில் இருக்கிறது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதை மாற்றப் பார்த்தபோது, நாடாளுமன்றம் சில வாரங்களிலேயே சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பதவியில் இருக்கும் உறுப்பினர் மேல்முறையீடு செய்தால் பதவி பறிபோகாது என்ற 8(4) பிரிவை அதே ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்தது. அது மட்டும் நிலைத்தது.

இப்போது கவ்லியின் தேதிகளைப் பாருங்கள். அவர் தண்டனை பெற்ற கொலை நடந்தது 2007 மார்ச். அவர் கைதானது 2008 மே. சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்தது 2009. மகாராஷ்டிரத் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2012 ஆகஸ்ட். அதாவது தகுதிநீக்கப் பிரிவு அவர் பதவியில் இருந்த காலத்தில் ஒரு நாள்கூட அவரைத் தொடவில்லை.

இளவேனில் எழுதியது:

இவ்வளவு நேரம் பேசியும் கொல்லப்பட்டவரின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர் பெயர் கமலாகர் ஜாம்சண்டேகர். காட்கோபர்ப் பகுதியைச் சேர்ந்த சிவசேனை மாநகராட்சி உறுப்பினர். 2007 பிப்ரவரியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் வென்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மார்ச் 2 அன்று மாலை தம் வீட்டில் இருந்தபோது ஆட்கள் நுழைந்து சுட்டுவிட்டுப் போனார்கள். அவரோடு பகை கொண்ட உள்ளூர்க்காரர்கள் இருவர் கவ்லியிடம் வந்ததாகவும், 30 லட்சம் ரூபாய்க்குக் கொலை பேசி முடிக்கப்பட்டதாகவும் அரசுத் தரப்பு வழக்கு. நீதிமன்றம் அதை ஏற்றுத்தான் தண்டனை விதித்தது.

ஆலை மூடியதையும், வேலையில்லாத மகன்களையும், நீதிமன்றத் தாமதத்தையும் நீங்கள் சொல்லும்போது நான் மறுக்கவில்லை. ஆனால் தக்டி சாலில் மாலையே கிடைத்த தீர்ப்பின் மறுபக்கம் இதுதான். அந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்கப் பணம் வைத்திருந்தவர்கள் வந்தார்கள், வாங்கிப் போனார்கள். ஜாம்சண்டேகருக்கும் மக்கள்தான் வாக்களித்தார்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினர் விலை பேசி ஒரு மாநகராட்சி உறுப்பினரைக் கொல்லச் சொன்னார் என்றால், அந்த வார்டு மக்களின் வாக்குகளும் அன்றைக்குச் செல்லாமல் ஆக்கப்பட்டன. கவ்லிக்கு விழுந்த வாக்குகளுக்கு இவ்வளவு பரிவோடு காரணம் தேடுகிற நாம், இந்த வாக்குகளுக்கு ஒரு வரி கூட எழுதவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதவி அவரைத் திருத்தியிருக்கும் என்று வாதிடுபவர்களும் உண்டு. அவர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில்தான் இந்தக் கொலைக்கு விலை பேசப்பட்டது.

செந்நெல் எழுதியது:

இளவேனில் அம்மாவுக்கு என் நன்றி. நான் அச்சம் என்று சொன்னதன் பொருளை எனக்கே இது தெளிவாக்கிவிட்டது. கவ்லியின் சொந்தத் தொகுதியில் அவர் பாதுகாவலராகத் தெரிந்திருக்கலாம். தொகுதியின் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கு அவர் என்னவாக இருந்தார் என்பதை அந்த வாக்கு எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது. கும்பலின் கொடையைப் பெற்றவர்கள் ஒரு தொகுதியிலும், அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் பல தொகுதிகளிலும் இருந்தார்கள். தேர்தல் நடந்தது முதல் வகையினரிடம் மட்டும்.

ஆலைமணி எழுதியது:

செந்நெல் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நான் தேடிய விடை அதில் பெருமளவு இருக்கிறது. ஹாஜி மஸ்தான் தோற்று கவ்லி வென்றதற்கும் இதுவே காரணம்: ஈட்டியது பல இடங்களில், கொடுத்தது ஒரே இடத்தில்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாக்பூர்ச் சிறையில் இருந்தபோது காந்தியச் சிந்தனை குறித்த தேர்வை எழுதி, 80 கேள்விகளில் 74-க்குச் சரியாக விடையளித்து கவ்லி முதலிடம் பெற்றார் என்று 2018-இல் செய்தி வந்தது. அப்போது பலர் அதை மனமாற்றத்தின் சான்றாகப் பரப்பினார்கள். ஒருவர் சிறையில் படிப்பதை நான் வரவேற்கிறேன். ஆனால் தேர்வுத்தாள் ஜாம்சண்டேகர் குடும்பத்துக்குத் தர வேண்டிய பதில் ஆகாது.

வாசகர் ஒருவர் எழுதியது:

அண்மையில் அவர் வெளியே வந்துவிட்டதாகப் படித்தேன். மறுபடியும் தேர்தலில் நிற்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்பிரிவு எழுதியது:

வந்தது பிணையில். மும்பை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தண்டனையை உறுதி செய்தது. 2006-ஆம் ஆண்டின் தண்டனைக் குறைப்புக் கொள்கைப்படி முன்கூட்டியே விடுவிக்க வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையை நாக்பூர் அமர்வு 2024 ஏப்ரலில் ஏற்றது, ஆனால் அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் நிறுத்திவைத்தது. பிறகு, பதினேழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்ததையும் வயதையும் கருதி உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்ட் 28 அன்று பிணை வழங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் நாக்பூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்.

பிணை என்பது குற்றத் தீர்ப்பை அழிப்பதில்லை. 8(3) பிரிவின்படி தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து தகுதிநீக்கம் தொடங்கி, விடுதலைக்குப் பின் மேலும் ஆறு ஆண்டுகள் நீடிக்கும். குற்றத் தீர்ப்பையே நீதிமன்றம் நிறுத்திவைத்தாலோ ரத்து செய்தாலோ தவிர அவரால் வேட்புமனு போட முடியாது. குடும்பத்தினருக்கு அந்தத் தடை கிடையாது. மகள் கீதா கவ்லி 2012, 2017 மாநகராட்சித் தேர்தல்களில் அகில பாரதிய சேனா சார்பில் வென்றவர். 2014-இல் பைகுல்லாச் சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். சிஞ்ச்போக்லி என்ற தொகுதி எல்லை மறுவரையறைக்குப் பின் இப்போது இல்லை.